மானாவாரி நிலத்தில் புழுதி உழவும் மூடுபயிரும்

ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்பது திருக்குறள் 1037இன் கருத்து. புன்செய் மண்ணில் எடையில் முக்கால் பங்கு ஈரம் இராது. அவ்வளவினை உயர்வு நவிற்சி எனக் கொள்ளலாம். கருத்தோ மெய்யானது. காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகி, மட்கைச் சிதைத்துத் தழைச்சத்தை விடுவிக்கின்றன. கென்யாவில் ஆய்ந்த பர்ச் என்பார் 1958இல் இதனை விரிவாக எழுதினார். 'பர்ச் விளைவு' என்னும் பெயர் அதனால் வந்தது.

ஆயின் இச்சத்து புதிய வரவன்று; மண்ணின் சேமிப்பிலிருந்து செய்யும் செலவு. உழவு மண்கட்டிகளை உடைத்து, உள்ளே காப்புற்றிருந்த கரிமப்பொருளையும் நுண்ணுயிர்களுக்குத் திறந்துவிடுகிறது. ஈடு செய்யாது ஆண்டுதோறும் உழுதால் நிலம் மெலியும். அடுத்த குறள் உழவினும் எருவுக்கே ஏற்றம் தருகிறது. முன்னதை மட்டும் காட்டி எருவில்லா வேளாண்மை பேசுவது பொருந்தாது.

சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு முதலிய மூடுபயிர்கள் வேர்முடிச்சுகளின் வழியே காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணரிப்பையும் குறைக்கும். எனினும் அவையும் நீர் குடிப்பன. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசலில், கோடைமழைக்கு விதைத்த சணப்பைப் பூத்த பின்னும் நிற்கவிட்டால், அடுத்த பயிருக்குரிய ஈரம் குறையும். தண்டு நாரேறி மெல்லவே மட்கும். பூக்கத் தொடங்கும்போதே அறுத்து, மேற்பரப்பில் மூடாக்காகப் பரப்புதல் தகும். மேலோடு இறுகும் செம்மண்ணிலோ மழைநீர் உட்புகாது வழிந்தோடுவதால், அங்கே கோடையுழவை முற்றும் விலக்குதல் இயலாது.