கிணற்றடியிற் கற்ற கட்டுரைப் பாடம்

கட்டுரை எழுதுதல் என்பது பரீட்சையிற் புள்ளி பெறுதற்கு வேண்டிய ஒரு வித்தை என்றே நம் மாணவருட் பலர் கருதி வருகின்றனர். பெற்றோருட் சிலரும் அக்கருத்தினரே. நீரைப் பற்றி எழுதுக என்றால், வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறளை முதற்கண் நிறுத்தி, இடையில் அச்சமூட்டும் வசனங்கள் நாலைந்தை நிரப்பி, ஈற்றில் யாவரும் நீரைப் பேணுவோமாக என்று முடித்துவிட்டாற் கட்டுரை நிறைவெய்திவிட்டது என்பது அவர்தம் துணிபு. மொழியைப் பற்றி எழுதுக என்றாலும் இதே அச்சுத்தான். நீர் என்று நின்ற இடத்தில் தமிழ் என்று மாற்றினாற் போதும். இருபது ஆண்டளவாக இத்தகைய கொப்பிகளைத் திருத்தி வரும் நாம், இவ்வச்சிற் சிறிதும் அடங்காத ஒரு கட்டுரையின் கதையை இவ்வாரம் வாசக நேயர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு கட்டுரைகளை எழுத முன்வந்தான். ஒன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றியது. மற்றையது, கிணற்றையும் இறைப்பையும் சார்ந்து நம்மூரில் வழங்கும் சொற்களைப் பற்றியது. அவன் கமக்காரர் ஒருவரின் மகன். வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஆயினும், அவன் கொணர்ந்த முதற்படியில் அந்தத் தோட்டத்தின் மணம் சிறிதேனும் இருக்கவில்லை. கைத்தொலைபேசியிற் கிடைத்த பக்கங்களிலிருந்து எடுத்த வசனங்களே நிறைந்திருந்தன. "குடாநாட்டின் நீர் முற்றாக நஞ்சாகிவிட்டது" என்பது ஒரு வசனம். "விஞ்ஞானிகள் கூறுகின்றனர்" என்பது பந்திதோறும் வந்தது.

நாம் அதனைத் திருத்தவில்லை. ஓரத்தில் மூன்று வினாக்களை மாத்திரம் எழுதினோம்: கூறியவர் யார்? எவ்வளவு? நீ கண்டதா, கேட்டதா? கொப்பியைப் பெற்றுக்கொண்டு வாடிய முகத்துடன் சென்றவன், ஒரு வாரங் கழித்து வேறு மனிதனாக வந்தான். "எவ்வளவு" என்ற வினா அவனைக் கிணற்றடிக்கு அனுப்பியிருந்தது.

கிணற்றின் கீழே உள்ளதை அறியாது கிணற்றைப் பற்றி எழுதல் இயலாது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே நமது செல்வம். அது மெல்லிய மண்ணினூடு இறங்கி, வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் தங்குகின்றது. அதன் அடியிலோ உவர்நீர் உண்டு. நன்னீர் பாரம் குறைந்தது ஆதலின் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நெதர்லாந்தினரான பாடன் கீபனும் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதற்கு ஒரு விதியை வகுத்தனர். கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அவ்விதி. மேலே ஓரடி தாழும்படி இறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி ஏறுதற்கு இடமுண்டு என்பது இதன் மறுபக்கம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை.

இவ்விதியை நம் மாணவன் தனது முதற்படியில் "நன்னீர் 40 அடி ஆழத்தில் உள்ளது" என்று எழுதியிருந்தான். ஒரு வசனத்தின் பாதியை விட்டுவிட்டால் உண்மை எவ்வாறு பொய்யாகிவிடுகின்றது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

அடுத்த இடர் நைத்திரேற்றுப் பற்றியது. தோட்டத்திற்கு இடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இது நீரிற் கரைந்து கிணற்றை அடைகின்றது. ஒரு பக்கத்தில் இதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்றிருக்க, இன்னொரு பக்கத்தில் 10 மில்லிகிராம் என்றிருந்தது. இரண்டில் ஒன்று பொய் என்று அவன் முடிவு கட்டினான். உண்மையில் இரண்டுமே சரியானவை. உலக சுகாதார நிறுவனம் 50 என்று கூறுவது நைத்திரேற்று முழுவதன் நிறையை. அமெரிக்கர் 10 என்று வகுத்திருப்பது அதனுள் அடங்கிய நைதரசனின் நிறையை மாத்திரம். 62 பங்கு நைத்திரேற்றில் 14 பங்கே நைதரசன். எனவே அமெரிக்கரின் 10 என்பது நைத்திரேற்றாகக் கணக்கிடும்போது 44 அளவில் வரும். எண்ணை எழுதி, எதன் எண் என்பதை எழுதாது விட்டால், பாதுகாப்பான கிணறு நஞ்சாகத் தோன்றும். நஞ்சான கிணறு பாதுகாப்பாகத் தோன்றும்.

இவ்விடத்திலேதான் சூழலைப் பற்றிய கட்டுரையும் மொழியைப் பற்றிய கட்டுரையும் ஒன்றையொன்று சந்தித்தன. அவன் ஒரு பந்தியில் "நைத்திரேற்று" என்றும் அடுத்த பந்தியில் "நைட்ரேட்" என்றும் எழுதியிருந்தான். முன்னையது நமது பாடநூல்களின் சொல். பின்னையது தமிழகத்தார் வழங்குவது. ஒட்சிசன், ஆக்சிஜன் என்பனவும் அவ்வாறே. பொருள் ஒன்று, சொல் இரண்டு. ஆனால் வீட்டிலிருந்து வாசிக்கும் ஒரு தாய், கிணற்றில் இரண்டு நஞ்சுகள் உள்ளன என்றல்லவோ எண்ணுவாள்? எடுத்த சொல்லைத் தொடக்கத்தில் விளக்கி, இறுதிவரை அதனையே ஆள வேண்டும் என்பது வெறும் இலக்கண விதியன்று. வாசிப்போருக்குச் செய்யும் நேர்மையாகும்.

இச்சொற்கள் தாமாக முளைத்தவையல்ல. 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கும்பொருட்டுக் கலைச்சொற்களை வகுத்தார். பின்னர், தாய்மொழிக் கல்வி இடைநிலை வகுப்புகளுக்கு விரிந்த 1950களிலும் 1960களிலும், அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவ்வளவு உழைப்பால் ஆகிய சொற்களை எடுத்தாளும் மாணவன், அவற்றைக் கவனத்துடன் ஆளக் கடமைப்பட்டவன்.

கிணற்றுச் சொற்களைப் பற்றிய கட்டுரைக்கு அவனுக்கு வாய்த்த ஆசிரியை அவனுடைய அப்பாச்சியே. துலா, பட்டை, கேணி, துரவு, மணலிற் கையால் தோண்டும் பூவல் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்ல, இவன் எழுதிக்கொண்டான். எந்தக் கிணறு முன்னர் நல்ல தண்ணீராயிருந்து இப்போது சவர்க்கின்றது என்பதையும் அம்மூதாட்டி கூறினார். இச்செய்தி எந்த நூலிலும் இல்லை. அதனை அவன் "இக்கிணறு உவராகிவிட்டது" என்று தனது சொல்லாகவே எழுதினான். நாம், கூறியவரின் வயதையும், கூறிய திகதியையும், அவர் நினைவிலிருந்து கூறினார் என்பதையும் சேர்க்கச் செய்தோம். நினைவும் சான்றே, ஆனால் அளவுகோலன்று. அதனை அதற்குரிய ஆசனத்தில் இருத்துவதே ஆய்வு முறை.

"இச்சொற்கள் அழிந்து வருகின்றன" என்றும் அவன் எழுதியிருந்தான். எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டோம். அவன் தன் வகுப்புத் தோழரைத் தனித்தனியே வினாவினான். துலாவை அறியாதார் எவருமில்லை. துரவை அறிந்தார் மூவரே. அழிகின்றது என்ற ஒப்பாரி நீங்கி, எந்தச் சொல் நிற்கின்றது, எந்தச் சொல் நழுவுகின்றது என்ற கணக்கு அவ்விடத்தில் வந்தது.

இனி, நாம் மறக்க இயலாத பகுதிக்கு வருவோம். நிறமாறும் சோதனைத் தாள்களைக் கொண்டு அவன் அயற் கிணறுகளைச் சோதித்தான். அவன் வரைந்த படத்தில் ஆறு கிணறுகள் இருந்தன. அட்டவணையிலோ ஐந்துதான் இருந்தன. ஆறாவது எங்கே என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தவன், "சேர், அது எங்கட கிணறு. அதிலைதான் கூடக் காட்டினது. எழுதினால் அப்பாவைக் குற்றஞ் சொன்ன மாதிரி வரும்" என்றான். அவனுடைய தமக்கையின் நான்கு மாதக் குழந்தைக்கு அந்தக் கிணற்று நீரிலேயே பால்மா கரைக்கின்றனர் என்பதையும் பின்னர் சொன்னான்.

நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பாலை அருந்தும் சிறு குழந்தைகளுக்கு, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். 50 என்ற எல்லை வகுக்கப்பட்டதே இத்தகைய குழந்தைகளை முன்னிட்டாகும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். இதனைப் பெற்றோர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

நாம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தந்தையின்பால் அன்புள்ள எந்தப் பிள்ளையும் அவ்வாறே தயங்குவான். நாம் கேட்டது ஒன்றுதான்: உன்னுடைய தாள் எதைக் காட்டியது? அளவைக் காட்டியது. யாருடைய பசளை என்று காட்டியதா? இல்லை. மலசலகூடக் குழியா, தோட்டமா என்று காட்டியதா? அதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் குகைகளினூடே நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. அங்ஙனமாயின் நீ எழுத வேண்டியது என்ன?

மறுநாள் அவன் எழுதி வந்த வசனங்கள் இவை: "ஆறாம் இலக்கக் கிணறு எமது வீட்டுக்குரியது. இதில் நைத்திரேற்றின் அளவு எல்லையை மீறியுள்ளதாகச் சோதனைத் தாள் காட்டுகின்றது. தாளின் அளவீடு அண்ணளவானது. ஆய்வுகூடச் சோதனை வேண்டும். இதன் காரணத்தை இக்கட்டுரை நிறுவவில்லை." இதில் மறைத்தது எதுவுமில்லை, அறிந்ததற்கு மேலாகக் கூறியதும் எதுவுமில்லை. அஞ்சி மறைக்க எண்ணியவனுக்கு, மறையாமலும் ஒருவரையும் பழியாமலும் எழுத வழி கிடைத்தது.

அக்கட்டுரையை அவன் தந்தையாரிடம் கொடுத்தான். அவர் அட்டவணையை இருமுறை வாசித்துவிட்டு, "அப்ப பிள்ளைக்கு எந்தத் தண்ணியிலை பால் கரைக்கிறது?" என்று மாத்திரம் கேட்டாராம். அளவு குறைந்த கிணறு எதுவென்று அதே அட்டவணையில் இருந்தது. அன்று மாலையே குழந்தைக்கு அங்கிருந்து நீர் வந்தது. வீட்டுக் கிணற்று நீர் போத்தலொன்றில் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. பயிருக்கு எவ்வளவு பசளை போதும் என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கவும் தந்தையார் எண்ணியிருப்பதாக அறிந்தோம். "குடாநாட்டின் நீர் முற்றாக நஞ்சாகிவிட்டது" என்ற முதல் வசனத்தை அவர் வாசித்திருந்தால், எந்தக் கிணற்றுக்குச் சென்றிருப்பார்?

மாணவச் செல்வங்களே, நீங்கள் எழுதத் தொடங்குமுன் உங்கள் முற்றத்தை ஒருமுறை பாருங்கள். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டவர் பெயரோடும், எண்ணை அதன் அலகோடும், சொல்லை அதன் பொருளோடும் எழுதுங்கள். அறியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோரே, பிள்ளை தாளும் பேனாவுமாகக் கிணற்றடியில் நின்றால், படிப்பை விட்டு விளையாடுகின்றான் என்று அழைத்துவிடாதீர்கள்.

அக்கட்டுரைக்கு எத்தனை புள்ளி இட்டீர்கள் என்று வினவுவார் உளர். அவன் துரவு என்பதைப் பிழைபட எழுதியிருந்தமையால் ஒரு புள்ளி குறைத்தோம். அப்பாச்சியிடங் கேட்டறிந்த சொல்லையேனும் பிழையற எழுத வேண்டாமோ?