சுளகில் அரிசி, வெளிச்சத்தில் வாய்

பேர்ண் நகரின் மேற்குப் பக்கம், 7ஆம் இலக்க ட்ராம் போய் நிற்கும் இடம் பூம்ப்ளிஸ். ஞாயிறு காலையில் அங்குள்ள தமிழ் வீடுகளில் குழல் புட்டு மணக்கும். எண்பதுகளில் சுவிஸுக்கு வந்தவர்களில் பலர் உணவகச் சமையலறைகளில் நின்று உழைத்தவர்கள். ஆகவே வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சமையலறைக்குள் நின்றே பேசலாம்.

புட்டுக்குழல்: வாயின் உட்தோல்

குழலின் அடியில் தடியைக் கொடுத்துத் தள்ளினால் மேலே புட்டு வெளியே வரும். கன்னத்தின் உட்தோலும் அப்படித்தான். அடி அடுக்கில் புதுச் செல்கள் பிறக்கின்றன. அவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே வந்தவை உதிர்ந்து எச்சிலோடு போய்விடுகின்றன. ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் உட்தோல் புதிதாகிவிடும். சுடச்சுடத் தேத்தண்ணி குடித்து வெந்த நாக்கு சில நாளில் ஆறுவது இதனால்தான்.

இரண்டு கிழமை கடந்தும் ஒரு புண் ஆறவில்லையென்றால் அடியில் மா குழைக்கும் இடத்தில் ஏதோ பிசகு இருக்கலாம். பல்வைத்தியர்கள் சொல்லும் 'இரண்டு கிழமை' கணக்கின் பொருள் இது.

கெட்டுப்போகும் பக்குவம்

ஒவ்வொரு செல்லும் பிரியும்போது தன் சமையல் குறிப்பைப் பிரதி எடுக்கிறது. புகையிலையின் நச்சுகள் அந்தக் குறிப்பில் எழுத்துப் பிழைகளை உண்டாக்குகின்றன. மதுவும் சேர்ந்தால் ஆபத்து பெருகும்: இறைச்சியை ஊறவைத்தால் மசாலா உள்ளே இறங்குவதுபோல, மது பட்ட தோலுக்குள் நச்சு எளிதாக இறங்குகிறது.

பாக்கின் கதை இன்னும் முக்கியம். பேர்ணின் யூரோப்பா பிளாட்ஸில் 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்துக்குள் நம்மவர் கோயில் இருக்கிறது. பூசையோ கல்யாணமோ, வெற்றிலை பாக்கு இல்லாத தட்டு தட்டே அல்ல. தட்டில் இருக்கும்வரை அது மங்கலம். நாள்தோறும் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்தால் அது வேறு விவகாரம். "புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தானே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

பாக்கு இன்னொன்றும் செய்யும். திறந்து வைத்த ரொட்டி மா காய்ந்து விறைப்பதுபோல, கன்னத்தின் உட்பகுதியை நாராக்கி இறுக்கிவிடும். காரம் எரியும், வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். முன்பு போன வாய்க்குள் இப்போது போகவில்லையென்றால் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சுளகு: பரிசோதனை

அரிசியில் கல் பொறுக்கும் அம்மா என்ன செய்வார்? சுளகை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு மூலையும் விடாமல் பரப்பிப் பார்ப்பார். பல்வைத்தியர் செய்வதும் அதுவே. கழுத்தையும் தாடைக்கு அடியையும் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு உதடு, இரு கன்னங்களின் உட்புறம், முரசு, அண்ணம், தொண்டை வாசல். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து அதன் இரு ஓரங்களையும் பார்ப்பார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தளத்தை விரலால் அமுக்குவார். நாக்கின் ஓரமும் அதன் அடியும் கண்ணாடியில் நாமே பார்க்கத் தவறும் மூலைகள். நோய்க்கு அவை பிடித்தமான இடங்களும்கூட. செலவு சில நிமிடம், வலி இல்லை.

அவர் தேடுவது என்ன? பாலாடைபோல் துடைத்தால் வந்துவிடும் வெள்ளை வேறு. தேய்த்தும் போகாத வெள்ளைப் படை வேறு. வெல்வெட்டுப் போன்ற சிவப்புப் படை அதைவிடவும் கவலைக்குரியது. வெள்ளைப் படையெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. ஆனாலும் அது கவனிக்க வேண்டிய கல்.

ஒரு சோறு பதம்: திசு எடுப்பு

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற கணக்கு சுளகுக்குச் செல்லாது. ஒரு மணியைப் பார்த்து முழு அரிசியும் சுத்தம் என்று சொல்ல முடியாது. சந்தேகமான இடம் தென்பட்ட பிறகுதான் அந்தப் பழமொழிக்கு வேலை. அங்கே விறைக்க ஊசி போட்டு ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோயா இல்லையா என்று முடிவு சொல்வது அந்தத் துணுக்குத்தான். வெறும் கண் அல்ல.

கண்ணுக்கு எவ்வளவு பலம்?

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயை மூன்று சுற்று பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களில், அப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. முடிவு 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. பழக்கம் ஏதும் இல்லாதவர்களில் அந்த அளவுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே பாக்கு, புகையிலை, மது பழகியவர்களே முதலில் போக வேண்டும்.

காசும் வலியும்

நம்மவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சுவிஸின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி வழக்கமான பல் பரிசோதனைக்குப் பணம் தராது. அதனால் "வலிச்சால் போவம்" என்று இருந்துவிடுகிறோம். வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் சிக்கல். வலி வரும் நேரத்தில் பானையின் அடி ஓட்டையாகி, நோய் கழுத்து வரை இறங்கியிருக்கலாம். முற்றிய நோய்க்கான சிகிச்சைச் செலவைக் காப்புறுதி ஏற்கும். ஆனால் வெட்டியெடுத்த நாக்கை அது திருப்பித் தராது.

பல் சுத்தம் செய்ய வருடம் ஒருமுறை போகிறவர்கள் அதே கதிரையில் இதையும் கேட்டுவிடலாம். முழுச்செட்டு கட்டிய பெரியவர்களுக்கும் இது தேவை. பல் போனாலும் வாய் போகவில்லையே. டொச் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை கதிரையில் சாயும்போது இரண்டு சொல் போதும்: "முண்ட்ஷ்லைம்ஹௌட் கொன்ட்ரோல்". வாயின் உட்தோலைப் பாருங்கள் என்று பொருள். வெற்றிலை போடுகிறவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.