பூ முந்தி, பழம் பிந்தி

களக்காட்டுக்காரர்களுக்கு வாழையைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. ரத்தச் சர்க்கரை எகிறாமல் இருக்க அந்த வாழையின் பூவையும் தண்டையும் பழத்தையும் இலையில் எந்த வரிசையில் சாப்பிடுவது என்பதை மட்டும் இந்த டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். டீக்குச் சீனி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

2015இல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு சின்னச் சோதனையின் முடிவு வந்தது. சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில், கால் மணி நேரம் கழித்துக் கோழியும் காய்கறியும். இன்னொரு நாள் அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் தலைகீழ். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோழியும் காய்கறியும் முந்திய நாளில் ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. 11 பேர் சின்னக் கூட்டம்தான். ஆனால் ஜப்பானில் சோற்றுக்கு முன் காய்கறி கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் இதே பக்கம்தான் விடை வந்தது.

இந்த இடத்தில் பக்கத்து பெஞ்சு அண்ணாச்சி கேட்பார்: "எல்லாம் வயித்துக்குள்ள போயி ஒண்ணாத்தான கலக்கப் போவுது?" எல்லோரும் கேட்பதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஆனால் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவது இரைப்பையில் இல்லை, சிறுகுடலில். இரைப்பை குளம் என்றால் சிறுகுடல் வயல். நடுவில் ஒரு மடை இருக்கிறது. குளத்துக்குள் என்ன கலந்தாலும், வயலுக்குப் பாயும் வேகம் மடையின் கையில்.

வெறும் சோறு முதலில் இறங்கினால் மடை தாராளமாகத் திறக்கிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து சமாளிப்பதற்குள் குளுக்கோஸ் வெள்ளமாக வந்துவிடுகிறது. பருப்போ முட்டையோ மீனோ முந்திப் போனால், குடல் சுவரிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கிளம்புகிறது. வயல் வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சுகிறவர் கொடுக்கும் குரல் என்று வைத்துக்கொள்வோம். "மடையைக் கொஞ்சம் சாத்து" என்று இரைப்பைக்கு ஒரு குரல், "தயாரா இரு" என்று கணையத்துக்கு ஒரு குரல். காயின் நார்ச்சத்து வாய்க்காலில் கிடக்கும் தழை மாதிரி, ஓட்டத்தைத் தணிக்கும்.

ஆகவே வாழைப்பூவும் பருப்பும் போட்ட கூட்டு, தண்டுப் பொரியல் இரண்டும் முதலில். சோறு அடுத்து. பழம் கடைசியில், அதுவும் பாதி. ஏத்தங்காய் மட்டும் காய் என்ற பெயரில் நம்மை ஏமாற்றும். அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, சோற்றின் கட்சி. கூட்டாஞ்சோற்றிலும் இந்த வித்தை பலிக்காது, அதில் முந்தி ஏது, பிந்தி ஏது? மற்றபடி பந்தியில் பொரியலும் கூட்டும் சோற்றுக்கு முன்பே இலைக்கு வந்துவிடுகின்றன. நாம்தான் சோறு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வரிசையை மாற்றியதால் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒருநாள் சோறு முந்தி, மறுநாள் பொரியல் முந்தி, அதே சாப்பாட்டை அதே அளவில் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள்.