தூரத்தில் நின்று கூப்பிடு!

நான் 38 வயது இல்லத்தரசி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஊர், வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள்; அவ்வளவு பேர் பட்டாளத்தில். எங்கள் ஊரும் அதற்கு ரொம்பக் குறைச்சல் இல்லை. என் தாத்தா பட்டாளம், அப்பாவும் பட்டாளம். இப்போது என் மகள், "நானும் போறேம்மா" என்று ஒரு பாரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். 18 வயது முடியாததால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். மூன்று வாரமாக அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

என் ஆயா கதையை முதலில் சொல்லி விடுகிறேன். 1962ல் சீனாக்காரன் சண்டையின்போது தாத்தா எல்லையில் இருந்தார். அப்போது என் அப்பா கைக்குழந்தை. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் கடிதம் படிப்பார், மணியார்டருக்கு விரல் ரேகை வாங்குவார். இரண்டு மாதம் கடிதமே இல்லை. தினமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போஸ்டாபீஸ் வாசலில் போய் உட்காருவாராம். தாத்தா வந்தார், பனியில் இரண்டு கால் விரல்கள் போய். "விரல் தானே போச்சு, ஆள் வந்துட்டாரே" என்று கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அதோடு முடிந்தது அந்தக் கதை.

அம்மா கதை அப்படி முடியவில்லை.

1987ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். 25 வயது. நான் பிறந்து சில மாதம்தான். அமைதி காக்கப் போன படை அக்டோபர் மாதமே யாழ்ப்பாணத்தில் சண்டை போட வேண்டியதாகி விட்டது. 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்புவதற்குள் நம் ஜவான்கள் 1,000 பேருக்கு மேல் இறந்து போனார்கள். அங்கிருந்த பொதுஜனங்களும் ஏராளமாகச் செத்தார்கள். திரும்பி வந்தவர்களை நம் ஊரில் மாலை போட்டு வரவேற்க ஆள் இல்லை. "தமிழனையே சுட்டுட்டு வந்தியா?" என்று டீக்கடையில் அப்பாவைக் கேட்டவர்கள் உண்டு.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் அம்மா கற்றுக் கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? "அப்பா தூங்கும்போது தொட்டு எழுப்பாதே. வாசப்படியில நின்னு, தூரத்துல இருந்து கூப்பிடு." எல்லா வீட்டிலும் இப்படித்தான் அப்பாவை எழுப்புவார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில், என் கணவரைக்கூட கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டு, அவர் சிரித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

அம்மாவுக்கு அந்தப் பாடம் எப்படித் தெரிந்தது என்பதை எனக்குப் பெண் பிறந்த பிறகுதான் சொன்னார். லீவில் வந்திருந்த அப்பா, ஒரு ராத்திரி தூக்கத்திலேயே அம்மாவின் கழுத்தை நெரித்து விட்டார். விழித்துப் பார்த்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பத்து நாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனாராம் அம்மா.

மண் ரோட்டில் அப்பா நடுவில் நடக்க மாட்டார். ஓரமாக, தரையைப் பார்த்துக்கொண்டே வருவார். கண்ணிவெடி பயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தீபாவளி வந்தால் கேணிக்குப் போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து விடுவார். கேன்டீன் ரம் இல்லாமல் படுக்க மாட்டார். அம்மா பாதியைக் கொட்டிவிட்டு டீத் தண்ணீர் கலந்து வைப்பார். அவருக்கும் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார். 1998ல் பென்ஷனில் வந்த பிறகு இது தினப்படி ஆனது. "பட்டாளத்தான்னா குடிக்கத்தான் செய்வான்" என்று ஊர் சொன்னது. மந்திரவாதி ஒருவர், யாழ்ப்பாணத்து ஆவி பிடித்திருப்பதாகச் சொல்லி கோழி அறுத்து, தாயத்துக் கட்டி, 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிக்கு சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது, அங்கிருந்த இளம் டாக்டரம்மா, "தூக்கம் எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. கூடப் போயிருந்த நான்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். இதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயராம். பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு வருஷக்கணக்கில் தொடரும் நோய். முதல் உலகப்போர் சமயத்திலேயே ஷெல் ஷாக் என்று டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். மாத்திரையும், வாரம் ஒருநாள் பேச்சும். இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறார். அம்மாவுக்கு சந்தோஷத்தை விட கோபம்தான் அதிகம். "இது வியாதின்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா, அந்தக் கோழிய குழம்பாவது வெச்சிருப்பேன்" என்றார். (சகோதரிகளே, யார் வீட்டிலாவது இப்படி இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.)

இப்போது என் மகளுக்கு வருகிறேன். பிளஸ் டூ. பள்ளியில் என்.சி.சி. போன நாளிலிருந்தே இந்த ஆசை. டாக்டர், நர்ஸ் தவிர மற்றப் பிரிவுகளில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்த்ததே 1992ல்தான். சாதாரண சிப்பாயாக, மிலிட்டரி போலீஸ் பிரிவில் முதல் 83 பெண்கள் பெங்களூரில் பயிற்சி முடித்தது 2021ல். அந்தப் பிரிவுக்குத்தான் இவள் மனு. 2022லிருந்து அக்னிவீர் முறை, நான்கு வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக் கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, பென்ஷன் இல்லை. என் கணவருக்கு அந்தக் கவலை. "பொட்டப்புள்ள துப்பாக்கி தூக்கினா எவன் கட்டுவான்?" இது என் மாமியார். இரண்டுக்கும் நான் பதில் சொல்லி விட்டேன்.

அம்மா கேட்டதற்குத்தான் பதில் இல்லை. "உங்கப்பா அப்படி வந்தாரு, நான் தூரத்துல நின்னு எழுப்பினேன். இவ அப்படி வந்தா, எந்தப் புருஷன் தூரத்துல நின்னு எழுப்புவான்? மறுநாளே பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுவான்." யோசித்துப் பார்த்தேன். நிஜம்தானே! ஆயா பொறுத்துக் கொண்டார், அம்மா பொறுத்துக் கொண்டார். பெண்ணுக்காகப் பொறுத்துக் கொள்ளும் ஆண்பிள்ளையை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் என் மகள் நேராகத் தாத்தாவிடமே போய்க் கேட்டு விட்டாள். "தாத்தா, நீ சொல்லு. போகட்டுமா?" திண்ணையில் இருந்த அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, என் 38 வயதில் நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சோதனை போடும்போது, பாஷை தெரியும் என்று இவரைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். ஒரு வீட்டில் வயசான அம்மா தண்ணீர் கொடுத்து, "தம்பி, நீங்களும் தமிழ்தானே, என்ர பிள்ளையை விடச் சொல்லுங்கோ" என்றாராம். இவர் தண்ணீரைக் குடித்து விட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். அவன் என்ன ஆனான் என்று இன்றுவரை அப்பாவுக்குத் தெரியாது.

"போறதுன்னா போ கண்ணு. ஆனா வந்த பிறகு வீட்ல சொல்லு. என்னை யாரும் கேக்கல" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா, "கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றார்.

அப்பா கொஞ்சம் யோசித்து, "தெரியல" என்றார். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவர் பக்கத்திலேயே திண்ணையில் உட்கார்ந்து கொண்டார்.

பாரம் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். மகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தாய்மார்கள் யாராவது இருந்தால், அவள் லீவில் வந்தபோது எப்படி இருந்தாள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள் சகோதரிகளே. முக்கியமாக, எப்படித் தூங்கினாள் என்று எழுதுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்.