பூமிக்குள் சாயத் தொட்டி!

திருச்சி தென்னூரை அடுத்தது உறையூர். முற்காலச் சோழர்களின் தலைநகரம் அது.

1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். ரோம் நாட்டு மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டி! உறையூரில் அன்றே நெசவு!

ஓட்டை எடுத்துக் காட்சிசாலையில் வைக்கலாம். தொட்டியை எப்படி எடுப்பது? பெயர்த்தால் வெறும் செங்கல்தான் மிஞ்சும். கிடந்த இடத்தையும், மண் அடுக்கையும், பக்கத்தில் கிடந்த பொருளையும் வைத்துத்தான் அது எந்தக் காலத்தது என்று கணக்கிடுகிறார்கள். திறந்தபடி விட்டாலோ மழை கரைத்துவிடும். ஆகையால், அளந்து, படம் பிடித்து, மறுபடியும் மண்ணைப் போட்டு மூடிவிடுவது உண்டு. பாதுகாப்புக்கு மண்ணைவிட மலிவான பூட்டு இல்லை!

நெல்லைச் சீமையில், தாமிரபரணிக் கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். கிடைத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 2023-ல் அதே ஊரில் வேறு வேலை நடந்தது. முதுமக்கள் தாழிகளைக் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டார்கள். மக்கள் அதன்மேல் நின்று, குனிந்து பார்க்கிறார்கள்.

உறையூரில் கண்ணாடி போட இடம் ஏது? தெருவெல்லாம் வீடு. அங்கே பழைய நகரத்தை முதலில் பார்க்கப் போகிறவர், அஸ்திவாரம் தோண்டும் கூலியாள்தான். பழைய சுவர் தென்பட்டால் அவர் கடப்பாரையை நிறுத்த வேண்டும். வீட்டுக்காரர் தாசில்தாரிடம் சொல்ல வேண்டும். வேலை சில நாள் தாமதப்படும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.