அழிக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்

துணுக்காய், மல்லாவிப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில், பழைய சேலைத்துண்டால் சுற்றியபடி ஒரு மடிக்கணினி கிடக்கும். வெளிநாட்டிலுள்ள தம்பி தான் பாவித்து முடிந்தபின் கொடுத்துவிட்டதாக இருக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகளின் படிப்பு திரைக்குள் போனபோது யாரோ உதவியாகத் தந்ததாக இருக்கலாம். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்து புதிய கணினி எட்டாக்கனியானபின், பாவித்தது என்று தெரிந்தே வாங்கியதாகவும் இருக்கலாம். எப்படி வந்ததோ, இப்போது அது திறக்கப் பத்து நிமிடம் எடுக்கிறது. அல்லது நீலத்திரையோடு நின்றுவிடுகிறது. "இது இனிச் சரிவராதம்மா" என்று மகன் சொல்ல, அம்மாவும் அதைச் சுற்றி மேலே வைத்துவிடுகிறார்.

பல வேளைகளில் பழுதாகியிருப்பது இயந்திரமல்ல. அதை நடத்துகின்ற இயங்குதளம்தான். வவுனிக்குளம் நிறைந்து கிடந்தாலும், துருசைத் திறந்து வாய்க்கால் வழியே முறைவைத்துப் பங்கிட ஆளில்லாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? கணினிக்குள் அந்தப் பங்கீட்டைச் செய்வது இயங்குதளம். விண்டோஸ் என்பது அப்படியொன்று. லினக்ஸ் என்பது இன்னொன்று. அது பழுதடைந்தால் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம். கடைக்காரர் "போர்மட் பண்ணவேணும்" என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். போர்மட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

எமக்கு இது சின்ன விடயமல்ல. 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் நாம். அப்படியும் பலருடைய படங்கள் தண்ணீரிலும் பங்கரிலும் போயின. வெளிநாட்டு உறவினரிடமிருந்த கலியாணப்படத்தையோ, காணாமற்போன மகனின் பாடசாலைப் படத்தையோ பின்னாளில் யாரோ ஸ்கான் செய்து அனுப்பியிருப்பார்கள். அது அந்த மடிக்கணினியில் மட்டும் இருக்கக்கூடும். பதிவுக்கும் விசாரணைக்கும் கொண்டுபோகின்ற ஒரே படம் அதுவாகவும் இருக்கக்கூடும். எனவே முதல் வேலை நிறுவுவதல்ல, பார்ப்பது.

கணினி திறக்கவில்லையே, எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அதற்கு வழி உண்டு. லினக்சின் பல வகைகளை வன்தட்டில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஓடவிடலாம். விண்டோஸ் எழும்பாவிட்டாலும், கடவுச்சொல்லால் பூட்டப்படாத வன்தட்டாயின் உள்ளிருக்கும் கோப்புகளைத் திறந்து வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிவிடலாம். ஒரேயொரு எச்சரிக்கை: வன்தட்டு 'டிக், டிக்' என்று சத்தம் போட்டால் மீண்டும் மீண்டும் திறக்க முயலாமல் நிறுத்திவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

படங்களை மட்டுமல்ல, எழுத்துருக்களையும் பிரதி எடுங்கள். எமது சங்கக் கூட்ட அறிக்கைகளும் கடிதங்களும் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புதிதாக நிறுவிய கணினியில் பாமினி இல்லாவிட்டால், "அம்மா" என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கடிதம் கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி வரும். இனி அடிப்பவற்றை யுனிகோட்டில் அடித்தால் இந்தத் தொல்லையே இராது.

அடுத்த கேள்வி, எந்த இயங்குதளம் என்பது. விண்டோஸ் 7 க்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14 இல் நிறுத்தியது. விண்டோஸ் 10 க்கான வழமையான உதவி 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஏறத்தாழ 2018 க்கு முந்திய மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்த அளவுகோலுக்குள் வரமாட்டா. இயந்திரம் நன்றாக இருந்தும் அது ஒதுக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

அனுமதியில்லாத விண்டோஸ் பிரதியை மலிவாகப் போட்டுத் தருவோர் உண்டு. அதனோடு வைரசும் சேர்ந்து வரக்கூடும். கணினியோடு வந்த உரிமம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் அது அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். விண்டோஸ் 8 க்குப் பிந்தியவற்றில் பெரும்பாலும் இயந்திரத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். உரிமம் இல்லாதவர்களுக்கும் பழைய கணினி உள்ளவர்களுக்கும் லினக்ஸ் நல்ல வழி. அதற்குக் காசு இல்லை. ஒருவர் தரவிறக்கிப் பத்துப்பேருக்குக் கொடுப்பது திருட்டும் அல்ல. 2 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பு ஓடும்; 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். கடிதம் அடிக்க லிப்ரே ஓபிஸ், இணையத்துக்குப் பயர்பொக்ஸ் இரண்டும் அதனோடேயே வருகின்றன. தமிழ்99, ரெங்கநாதன் விசைப்பலகை முறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோசுக்கென்றே செய்யப்பட்ட சில மென்பொருள்கள் மட்டும் இதில் ஓடா என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

செய்யும் முறை இதுதான். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் கோப்பைத் தரவிறக்குங்கள். அது ஏறத்தாழ 3 ஜிபி வரும். ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் அதை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால், படங்களைப் பிரதி எடுத்த பென்டிரைவை இதற்குப் பாவிக்கக்கூடாது. பழைய மடிக்கணினியில் அதைச் செருகி, மின்னை ஏற்றியவுடன் டெல், லெனோவா, ஏசர் ஆயின் எப்12 விசையையும், எச்பி ஆயின் எப்9 விசையையும், அசுஸ் ஆயின் எஸ்கேப் விசையையும் தட்டுங்கள். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தெரிவுசெய்தால் லினக்ஸ் திறக்கும். வைபை, ஒலி, விசைப்பலகை எல்லாம் வேலைசெய்கின்றனவா என்று நிறுவுமுன்பே பாருங்கள். கோப்புகளை இவ்வேளையில் பிரதி எடுங்கள். எடுத்த படங்களில் இரண்டு மூன்றை வேறொரு கணினியில் திறந்து உறுதிசெய்யுங்கள்.

அதன்பின்னர்தான் 'நிறுவு' என்பதை அழுத்தவேண்டும். "வன்தட்டை அழித்து நிறுவவா?" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். திரும்பிவரும் பாதை அந்த இடத்தோடு முடிகிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் இல்லையென்றால் தொடருங்கள். பழைய பற்றரி தாங்காது என்பதால் சார்ஜரைக் கழற்றவேண்டாம். இடிமின்னல் நாளில் தொடங்கவும் வேண்டாம். நடுவில் மின்சாரம் நின்றால் கலங்காமல் முதலிலிருந்து தொடங்கலாம். பிரதி கையில் இருக்கிறதல்லவா?

இன்னொன்றையும் பெண்களாகிய நாம் மனதில் வைக்கவேண்டும். கடையில் கொடுக்கும்போது எமது குடும்பப்படங்களையும் சேர்த்தே கொடுக்கிறோம். அவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். நீக்கியவற்றையும் தெரிந்தவர்கள் மீட்கமுடியும் என்பதால், கூடியவரை பக்கத்தில் இருந்து செய்வித்து எடுங்கள். விற்பதாயின் வன்தட்டு முழுவதையும் மேலெழுதி அழிப்பிக்கவேண்டும். அதேபோல எமக்கு வந்த கணினியில் முன்னைய சொந்தக்காரரின் படங்கள் இருந்தால், பார்த்துக்கொண்டிராமல் அவருக்கு அறிவித்துவிட்டு அழிப்பதே பண்பு.

இது எம்மால் முடியுமா என்று தயங்கவேண்டாம். கேரளத்தில் 2001 இல் தொடங்கிய 'ஐ.ரி. அற் ஸ்கூல்' திட்டத்தின் வழியாக அரச பாடசாலைகள் லினக்சுக்கு மாறின. கணினிப் பட்டம் பெறாத ஆசிரியைகளும் பயிற்சி பெற்று அதைப் பாவித்தார்கள். தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், விண்டோசோடு சீடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, நூல் சிக்கினால் தாமே கழற்றிப் பூட்டுகின்ற கைகளுக்கு இது பெரிய வேலையல்ல.

ஒரு மாதர் சங்கத்துக்கு இரண்டு பென்டிரைவ் போதும். ஒன்றில் லினக்ஸ், மற்றதில் பிரதி எடுக்க இடம். கற்றுக்கொண்ட ஒருத்தி அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தால், கிராமத்தில் மூடிக்கிடக்கும் கணினிகள் பிள்ளைகளின் படிப்புக்கும், சங்கத்தின் கணக்குக்கும், எங்கள் சிறுதொழிலின் பற்றுச்சீட்டுக்கும் திரும்பவும் வேலைசெய்யும்.

இன்று அந்தச் சேலைத்துண்டை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே பிள்ளையின் படிப்புக்கு ஒரு கருவி இருக்கலாம். நீங்கள் தேடித்திரிந்த ஒரு முகமும் இருக்கலாம்.