மட்டையின் எடையும் மணிக்கட்டின் சக்தியும்

2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சுமதி சிவன் இறகுப்பந்தில் வெண்கலப் பதக்கம் வென்ற பிறகு, அஞ்செட்டி மலைப்பக்கத்து நாட்றாம்பாளையத்திலிருந்துகூட ஒரு சிறுவன் மட்டை வாங்கவென்றே ஓசூருக்குப் பஸ் ஏறுவானாகில் அதில் ஆச்சரியமில்லை. கடையில் அவனை முதலில் மயக்குவது மட்டையின்மேல் பொறித்திருக்கும் 3யூ, 4யூ, 5யூ என்ற குறிகளே. எண் ஏற ஏற எடை இறங்கும் என்பதே அவற்றின் விசித்திரம்: 3யூ என்றால் 85 கிராமுக்குமேல் 90க்குள், 4யூ 80க்குமேல் 85க்குள், 5யூ அதனினும் லேசு. நரம்பும் பிடிச்சுற்றும் சேராத வெறும் மட்டையின் கணக்கு இது.

இத்தனை லேசான கருவி எதற்கு? தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்தில் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் இருப்பதால், அதற்கேற்ப மட்டையும் இதைப்போல் இரு மடங்கு கனக்கிறது. இறகுப்பந்தோ ஐந்து கிராம் அளவே. அத்தனை அற்பமான பொருளை விரட்டுவதற்குக் கனத்தைவிட வேகமே பிரதானம். அந்த வேகத்தை உண்டாக்குவது மணிக்கட்டு.

ஆயினும் தராசு சொல்லும் எடை பாதி விஷயந்தான். அந்த எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதே, என் அபிப்பிராயத்தில், பெரிய விஷயம். சுத்தியலைக் காம்பில் பிடித்து வீசுவதற்கும் தலைப்பக்கம் பிடித்து வீசுவதற்கும் உள்ள பேதத்தை எவரும் உணர்வர். ஏனெனில், சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. மணிக்கட்டிலிருந்து 10 சென்டிமீட்டரில் வைத்த மூன்று கிராமை 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால், அதன் எதிர்ப்பு 36 மடங்காகிவிடும்! ஆகவே தலைகனத்த 5யூ மட்டை, பிடிகனத்த 3யூ மட்டையைக் காட்டிலும் கைக்குப் பாரமாகத் தோன்றக்கூடும்.

விரல்மீது மட்டையைக் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடியின் அடியிலிருந்து அளந்தால், 285 முதல் 295 மில்லிமீட்டர் வரை சமநிலை எனவும், மிஞ்சினால் தலைகனம் எனவும் கொள்ளலாம். தலைகனம் ஸ்மாஷ் அடிக்கு உதவும்; இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவருக்குத் தலை லேசாயிருப்பதே அனுகூலம். புதிதாகக் கற்பவனுக்கு நான் சொல்வது சமநிலையுள்ள 4யூ. பிடியில் கூடுதல் சுற்று ஒன்று சேர்த்தால் சமநிலைப் புள்ளி கைப்பக்கம் நகரும்; ஆதலால் சுற்றிய பிறகே அளந்து பார்க்க வேண்டும்.